முகமும் முகவரியும்

பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாமா என்று யாரைக் கேட்டாலும், கூடாது என்பார்கள். பிறருக்கு வந்த கார்டைப் படிக்கலாமா என்று கேளுங்கள். அதே மனிதர் லேசாகச் சிரிப்பார். கார்டு வந்தால் தபால்காரர் படிப்பார். திண்ணையில் உட்கார்ந்து வாங்கி வைக்கிறவர் படிப்பார். உரியவர் கைக்கு வருவதற்குள் சேதி பாதித் தெருவுக்குத் தெரிந்திருக்கும். ஓர் உறை இருந்தால் ஒரு நியாயம்; இல்லாவிட்டால் வேறொரு நியாயம்! மனிதர்களின் ஒழுக்கம் எவ்வளவு மெல்லிய காகிதத்தின் மேல் நிற்கிறது என்று நான் வியந்ததுண்டு.

உலகத்தின் முதல் தபால் கார்டை ஆஸ்திரியா-ஹங்கேரி அரசாங்கம் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி வெளியிட்டது. சரியாக ஓர் ஆண்டு கழித்து இங்கிலாந்து வெளியிட்டது. நம் நாட்டுக்கு அது வந்தது 1879-ல். கார்டு புதிதாக வந்த காலத்தில் ஐரோப்பாவில் கௌரவமான குடும்பத்தார் சிலர் முகம் சுளித்தார்கள். வீட்டு விஷயத்தை வேலைக்காரர்கள் படித்துவிடுவார்களே என்பது அவர்கள் கவலை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குள் நடந்ததோ அதற்கு நேர்மாறு. கார்டில் படம் அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். வேலைக்காரன் எஜமானரின் சேதியைப் படிப்பது போய், எஜமானர்கள் வேலைக்காரனின் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் காலம் வந்தது. அது மிகுதியாக நடந்த இடங்களில் ஒன்று ஆப்பிரிக்காவின் தென்கோடி.

1900-க்கும் 1914-க்கும் இடையில் கேப் டவுன், டர்பன், ஜோகன்னஸ்பர்க் முதலிய ஊர்களிலிருந்து கப்பலேறிய படக் கார்டுகள் இன்று நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும், பழைய கார்டு சேர்க்கிறவர்களின் ஆல்பங்களிலும் இருக்கின்றன. ஒரு பக்கம் படம்: ரிக்‌ஷா இழுக்கும் ஜூலு இளைஞன், தலையில் கூடை சுமந்த இந்தியப் பெண், கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் கைதிகள். மறுபக்கம் சேதி: உடம்பு சௌக்கியம்; வெயில் அதிகம்; அடுத்த தபாலில் விவரமாக எழுதுகிறேன்; குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெரும்பாலும் இந்த மாதிரிதான். இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சம்பந்தமின்மைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அன்போடு அம்மாவுக்கு நாலு வரி எழுதி அனுப்பிய அந்த மனிதன் ஏதாவது தவறு செய்தானா? செய்தான் என்றால், என்ன தவறு?

பதில் தேடுவதற்கு முன்னால் அந்த நாட்டுத் தபாலின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது அழகான கதை.

இந்தியாவுக்கு வந்து திரும்பிய போர்ச்சுகீசியக் கப்பல் தலைவன் பெத்ரோ தெ அதாயிதே, இன்று மோசல் பே என்று வழங்கும் கடற்கரையில் ஒரு கடிதத்தை விட்டுச் சென்றான். பழைய பாதரட்சை ஒன்றுக்குள் கடிதத்தை வைத்து மரத்தில் தொங்கவிட்டான் என்பார்கள். நமது கோழிக்கோட்டில் சண்டை மூண்டிருக்கிறது, ஜாக்கிரதை என்பது அதில் இருந்த சேதி. 1501-ல் அந்த வழியாக வந்த ஜோவான் ட நோவா என்ற மாலுமி அதை எடுத்துப் படித்தான். தென்னாப்பிரிக்காவின் முதல் தபால் நிலையம் ஒரு மரம். முதல் தபால் பெட்டி ஒரு செருப்பு! அந்த மரத்தடியில் இன்று பூட்ஸ் வடிவத்திலேயே ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

பிறகு பதினேழாம் நூற்றாண்டில், கேப் டவுன் இருக்கும் டேபிள் விரிகுடாவில் டச்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் தண்ணீர் பிடிக்க நிற்கும். போகிற கப்பல்காரர்கள் ஒரு கல்லில் கப்பலின் பெயர், தலைவன் பெயர், தேதி எல்லாம் செதுக்கி, அதன் அடியில் கடிதங்களைத் தோல் பையிலோ தார் பூசிய துணியிலோ பொதிந்து வைத்துவிட்டுப் போவார்கள். வருகிற கப்பல்காரர்கள் கல்லைப் புரட்டிக் கடிதங்களை எடுத்து, தங்கள் வழியில் இருக்கும் ஊருக்குரியவற்றைக் கொண்டு சேர்ப்பார்கள். அந்தக் கற்களில் சில இன்னும் கேப் டவுன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காவல் இல்லை, பூட்டு இல்லை, முத்திரைக் கட்டணம் இல்லை. முகம் தெரியாத ஒருவன் என் கடிதத்தை எடுப்பான், எடுத்தால் கொண்டு சேர்ப்பான் என்ற நம்பிக்கை ஒன்றுதான் மூலதனம்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1630-க்குப் பின் சில ஆண்டுகள், எதிரேயிருந்த ராபன் தீவில் கப்பல்காரர்களின் கடிதங்களை வாங்கி வைத்துக் கொடுத்தவர் ஆட்சுமாட்டோ என்ற கொய்கொய் இனத் தலைவர். எழுத்தறியாத போஸ்ட் மாஸ்டர்! ஆங்கிலேயரின் கடிதமானாலும் டச்சுக்காரரின் கடிதமானாலும் அவர் கையில் பத்திரமாக இருந்தது. 1652-ல் டச்சுக் கம்பெனி கேப்பில் வந்து நிலையாகக் குடியேறியது. ஆறு ஆண்டுகளில், மாட்டுத் தகராறும் மண் தகராறும் முற்றி, அதே ஆட்சுமாட்டோவைக் கைதியாக்கி அதே ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். மூன்று நூற்றாண்டு கழித்து அங்கே சிறையிருந்த நெல்சன் மண்டேலாவுக்கு முதலில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அந்தத் தீவின் மண்ணுக்கும் கடிதங்களுக்கும் ஏதோ பூர்வ ஜன்மத் தொடர்பு போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தபாலுக்கு ஒழுங்கு வந்துவிட்டது. 1853-ல் கேப் காலனி முக்கோணத் தபால் தலை வெளியிட்டது. உலகத்தின் முதல் முக்கோணத் தபால் தலை அதுதான். தபால் வண்டி போகாத வழிகளில் ஆப்பிரிக்க ஓட்டக்காரர்கள் தபால் சுமந்தார்கள். பிளந்த குச்சியின் நுனியில் கடிதத்தைச் செருகி, வியர்வை படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். 1888-ல் மஃபெகிங்கிலிருந்து மட்டபேலே அரசர் லோபெங்குலாவின் தலைநகரான குபுலவாயோ வரைக்கும் இப்படி ஓர் ஓட்டத் தபால் ஏற்பட்டது. அதே ஆண்டு அதே ஊரில், அந்த அரசர் தமக்குப் படிக்கத் தெரியாத ஒரு காகிதத்தில் தம் அடையாளத்தை இட்டார். சுரங்கம் தோண்டப் பத்துப் பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்று வாயால் சொன்ன உறுதி அந்தக் காகிதத்தில் ஏறவில்லை. அதை வைத்துக்கொண்டு ரோட்ஸின் ஆட்கள் ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். விழித்துக்கொண்ட லோபெங்குலா 1889-ல் தம் மந்திரிகள் இருவரை லண்டனுக்கே அனுப்பினார். விக்டோரியா ராணி என்று ஒருத்தி உண்மையில் இருக்கிறாளா என்று கண்ணால் பார்த்து வரச் சொன்னார். காகிதம் பேசும் பேச்சில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஆட்சுமாட்டோவும் அந்த ஓட்டக்காரர்களும் சுமந்த சேதி பிறருடையது. ஆனால் அதைச் சுமக்கிற வரைக்கும் அவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. படக் கார்டு வந்தபோது அவர்களே சுமையாகிவிட்டார்கள்.

கார்டு ஏன் அங்கே அப்படிப் பெருகிற்று என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கிம்பர்லியில் வைரம்; 1886 முதல் ஜோகன்னஸ்பர்க்கில் தங்கம். 1899 முதல் 1902 வரை போயர் யுத்தம். வீட்டைப் பிரிந்து வந்த இளைஞர்கள் லட்சக்கணக்கில். 1898 கிறிஸ்துமஸ் தினத்திலிருந்து பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பல பகுதிகளுக்கிடையே ஒரு பென்னியில் கடிதம் அனுப்பும் வசதி வந்தது, கார்டும் மலிவு. வாரந்தோறும் தபால் கப்பல் கேப் டவுனிலிருந்து புறப்பட்டுப் பதினேழு நாள் அளவில் இங்கிலாந்து போய்ச் சேரும். எழுதத் தெரியாதவன்கூட நாலு வரி எழுத முடியும். எழுதச் சோம்பல்படுகிறவனுக்குக் கார்டு தெய்வமாக வந்த வரப்பிரசாதம்.

யுத்த காலத்துத் தபாலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிடிபட்ட போயர் வீரர்களை வைக்க அங்கே இடமில்லாமல், செயிண்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கை, இந்தியா என்று ஆங்கிலேயர்கள் கப்பலேற்றி அனுப்பினார்கள். இலங்கையில் தியத்தலாவை, இந்தியாவுக்கு வந்த ஒன்பதாயிரம் பேர் அளவில் சிலர் திருச்சிராப்பள்ளியில், சிலர் நீலகிரியில் கேத்தியில். டிரான்ஸ்வாலின் பண்ணையில் பிறந்த ஒரு குடியானவன் திருச்சிராப்பள்ளி வெயிலில் உட்கார்ந்து, தன் மனைவிக்கு டச்சு மொழியில் கடிதம் எழுதியிருக்கிறான் என்று நினைத்தால் உலகம் சிறிது என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கடிதம் தணிக்கை அதிகாரியின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுவே ஒரு மூன்றாம் மனிதன் படிப்பான் என்று தெரிந்து எழுதுகிறவன் என்ன எழுதுவான்? நான் நலம், நீ நலமா என்று எழுதுவான். வேறு எதையும் எழுதப் பயப்படுவான்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கைதி நலம் என்று மட்டும் எழுதியதற்குக் காரணம் பயம். டர்பன் கடற்கரையில் கார்டு வாங்கிய சுதந்திர மனிதனுக்கு எந்தப் பயமும் இல்லை; எந்த அதிகாரியும் அவன் தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. அவனும் நலம் என்று மட்டுமே எழுதினான். கையில் பிடித்திருந்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

இதற்குத் தபால் இலாகாவின் விதி ஒன்றும் உதவி செய்தது. ஆரம்பத்தில் கார்டின் ஒரு பக்கம் முழுதும் விலாசத்துக்கே உரியது. சேதி எழுத வேண்டுமானால் படம் இருக்கும் பக்கத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே எழுதுகிறவன் படத்தைச் சுற்றி, வானத்தின் மேலும் மலையின் ஓரத்திலும், மனிதன் இருந்தால் அவன் காலடியிலும் எழுதினான். எழுதும்போது அந்த முகம் அவன் பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. 1902-ல் இங்கிலாந்து அந்த விதியை மாற்றிற்று. விலாசப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, வலப்பக்கம் விலாசம், இடப்பக்கம் சேதி என்று வைத்தார்கள். மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. அப்போதிலிருந்து படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதலாம். நல்ல வசதிதான், யாரும் தீய எண்ணத்தோடு செய்த மாறுதல் அல்ல. ஆனால் ஒரு முகத்தைக் குப்புறக் கவிழ்த்து அதன் முதுகில் எழுதும் பழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது.

படங்களில் எல்லாமே கண்ணை உறுத்துவன அல்ல. டேபிள் மலை, ஆடர்லி தெரு, சுரங்கத்தின் உயர்ந்த சக்கரங்கள், ஊட்ஷூர்ன் பக்கத்து நெருப்புக்கோழிப் பண்ணைகள் என்று எத்தனையோ. அவற்றுக்கெல்லாம் சரியான பெயர் அச்சிட்டிருக்கும். தெருவுக்குப் பெயர் உண்டு, மலைக்குப் பெயர் உண்டு, பாலத்துக்குப் பெயர் உண்டு. மனிதன் வரும்போதுதான் பெயர் போய்விடும். ‘ஜூலு அழகி’ என்றிருக்கும். ‘கூலிப் பெண், நேட்டால்’ என்றிருக்கும். பல பெண்களை மேலாடையின்றி நிறுத்திப் படம் பிடித்திருக்கிறார்கள். அதே கோலத்தில் ஓர் ஆங்கிலப் பெண்ணின் படத்தைத் தபாலில் போட்டிருந்தால் போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். கறுப்புப் பெண்ணின் படம் மட்டும் அறிவு வளர்ச்சிக்கான படம் என்ற பெயரில் பாதிரியார் வீட்டுக்குக்கூடத் தடையின்றிப் போயிற்று!

ரிக்‌ஷாக்காரரின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. டர்பனுக்கு ரிக்‌ஷாவைக் கொண்டுவந்தவர் மார்ஷல் காம்ப்பெல் என்ற சர்க்கரை முதலாளி, ஆண்டு 1892. இழுத்தவர்கள் ஜூலு இளைஞர்கள். வெறும் சவாரி வண்டியாக வந்த ரிக்‌ஷாவை அவர்கள் ஒரு நாடகமாகவே மாற்றிவிட்டார்கள். தலையில் மாட்டுக் கொம்பு, பாசிமணி, இறகு என்று வருஷத்துக்கு வருஷம் வேஷம் வளர்ந்தது. படம் பிடிக்க வந்தவன் காசு கொடுத்தால் காலை உயரத் தூக்கித் துள்ளி நிற்பார்கள். அந்த வேஷம் அவர்கள் கற்பனை. அந்தத் துள்ளல் அவர்கள் வியாபாரம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுவதை அவர்களே விரும்பியிருக்க மாட்டார்கள். கேமராவின் முன்னால் நின்றவன் எல்லாம் ஏமாந்தவன் என்று எண்ணிவிட வேண்டாம். சிலர் கேமராக்காரனைவிடக் கெட்டிக்காரர்கள். டர்பன் கடற்கரையில் அந்த வேஷத்தோடு ரிக்‌ஷா இழுப்பவர்கள் ஒரு சிலர் இன்னமும் இருக்கிறார்கள்.

ஆனால் ‘கூலிப் பெண்’ணின் முகத்தில் அந்தத் துள்ளல் இல்லை. நம்மவர்கள் நேட்டாலுக்குப் போன வரலாறு தெரிந்ததுதான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் கொண்டு இறக்கிற்று. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் பெரும் பகுதி சென்னை ராஜதானியிலிருந்து போனவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், தெலுங்கு ஜில்லாக்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம். பலருக்குக் கையெழுத்துத் தெரியாது. ஊருக்கு ஒரு கடிதம் போட வேண்டுமானால் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள நடுவில் இரண்டு அந்நியர்கள். இத்தனைக்கும் தப்பி எத்தனை கடிதங்கள் போய்ச் சேர்ந்திருக்கும்?

அப்படித் தன் சொந்தத் தாய்க்கு ஒரு வரி சேதி அனுப்ப வழியில்லாத ஒரு பெண் டர்பன் சந்தையில் காய்கறிக் கூடையோடு நிற்கிறாள். ஒருவன் படம் பிடிக்கிறான். அது கார்டாகிறது. அவள் முகம் எடின்பரோவுக்கும் லீட்ஸுக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது, நூற்றுக்கணக்கில். ஆற்காட்டுக்கு மட்டும் போகவில்லை.

கூலிகள் கப்பலேறும்போது சர்க்கார் எழுதிய பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள மச்சமும் தழும்பும் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமல்லவா? அந்தப் பட்டியலில் படம் இல்லை. கார்டிலோ படம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் ஒன்று சேர்த்தால் ஒரு மனுஷி கிடைப்பாள். சேர்க்கத்தான் யாராலும் முடியாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் மடக்கினார். “நீங்கள் கதை எழுதுகிறவர்கள் செய்வதும் இதுதானே? ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தையும் பேச்சையும் அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய் அச்சடித்து விற்கிறீர்கள். கார்டு வியாபாரி ஒரு பென்னிக்கு விற்றான். நீங்கள் வாரப் பத்திரிகையில் விற்கிறீர்கள்” என்றார்.

கூர்மையான கேள்வி. எளிதில் தட்டிவிட முடியாது. ஒன்று மட்டும் சொன்னேன். கதையில் வந்த பிறகு அவளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. பெயர் வைத்தால் பிறகு அவளுக்கு என்ன கவலை, யார் மேல் கோபம், ராத்திரி தூக்கம் வந்ததா என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்காமல் எழுதினால் வாசகர்கள், இவள் பொம்மை என்று அடுத்த வாரமே கடிதம் போட்டுவிடுவார்கள். கார்டை வாங்கினவன் யாரும் அப்படிக் கடிதம் போடவில்லை. கதாசிரியனைக் காப்பாற்றுவது அவன் நல்ல மனசு அல்ல, உங்களுடைய பொல்லாத்தனம். நண்பர் சிரித்தார், ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது.

மிகக் கொடுமையான கார்டு ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் என் கேள்விக்கு விடை தேட முடியாது. அது இங்கிலாந்தின் காலனியிலிருந்து வந்ததல்ல. பக்கத்தில், இன்று நமீபியா என்று பெயர் பெற்றிருக்கும் அன்றைய ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1904-ல் ஹெரேரோ மக்கள் தங்கள் நிலத்துக்காக எழுந்தார்கள். பிறகு நாமா மக்கள் எழுந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஜெர்மன் தளபதி ஃபொன் ட்ரோதா, ஹெரேரோக்கள் நாட்டை விட்டே போக வேண்டும், எல்லைக்குள் அகப்படுகிறவர்கள் சுடப்படுவார்கள் என்று கட்டளை பிறப்பித்தான். பாலைவனத்துக்குள் துரத்தப்பட்டவர்கள் தாகத்தால் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கைதி முகாம்களில் செத்தார்கள். ஷார்க் ஐலண்ட் என்ற தீவு முகாம் அவற்றுள் மிகக் கொடியது. 1908-க்குள் ஹெரேரோக்களில் பெரும்பாலோரும், நாமாக்களில் பாதிப் பேர் அளவுக்கும் மாண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை என்று அதைச் சொல்கிறார்கள். 2021-ல் ஜெர்மன் அரசாங்கமும் அது இனப்படுகொலைதான் என்று ஒப்புக்கொண்டது.

அந்த யுத்தத்தின் போது அங்கிருந்து படக் கார்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றில், ஜெர்மன் சிப்பாய்கள் ஒரு மரப்பெட்டியில் மண்டையோடுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் இருந்த ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்ப. இதே காட்சியைப் பற்றி 1907-ல் வெளியான ஜெர்மன் நூல் ஒன்று, சிறைப்பட்ட ஹெரேரோப் பெண்களே கண்ணாடித் துண்டுகளால் சதையைச் சுரண்டிச் சுத்தம் செய்த மண்டையோடுகள் இவை என்று விளக்கம் எழுதியிருக்கிறது. வெட்கப்பட்டு எழுதவில்லை, தகவலாக எழுதியிருக்கிறது. அந்தப் படத்தைக் கார்டாக அச்சடித்தார்கள். கார்டு என்றால் என்ன அர்த்தம்? யாரோ வாங்கி, பின்புறம் அன்பான வார்த்தை எழுதி, தாய்க்கோ காதலிக்கோ அனுப்புவார்கள் என்று நம்பி அச்சடித்தது என்று அர்த்தம்.

கொன்றவனின் குற்றம் விளங்குகிறது. அச்சடித்தவனின் லாபம் விளங்குகிறது. அனுப்பியவனைத்தான் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அவன் யாரையும் வெறுக்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் எழுதவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு கொடுமையான படம் ஸ்டூடியோவில் இருக்கிற வரைக்கும் அது ஒருவனுடைய காரியம். அது ஆயிரம் வீடுகளுக்குப் போய், கணப்பு அடுப்பின் மேல் மாடத்தில் குழந்தைகள் பார்க்க நிற்க வேண்டுமானால் அதற்கு ஒரு வாகனம் வேண்டும். வெறுப்பால் அது முடியாது. வெறுப்பு அத்தனை வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய முடியாது. பிள்ளையின் பாசம்தான் அந்தப் படத்தைச் சுமந்துகொண்டு போயிற்று. மகன் கையெழுத்து இருக்கிறதே என்று தாய் அந்தக் கார்டை எறியாமல் பெட்டியில் வைத்துக்கொண்டாள். நூறு வருஷம் கழித்து நம் கைக்கு அது கிடைப்பதற்குக்கூட அந்தப் பாசம்தான் காரணம்.

ஆகவே அவன் தவறு செய்தான் என்றே நான் நினைக்கிறேன். கொலைகாரனின் தவறு அல்ல. தன் அன்பை எதன் முதுகில் ஏற்றி அனுப்புகிறோம் என்று பார்க்காத தவறு. சட்டத்தில் இதற்குப் பெயர் கிடையாது.

‘அந்தக் காலத்து மனிதனை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கலாமா? எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்?’ என்று வாசகர் கேட்கலாம். எல்லோரும் அப்படி இருக்கவில்லை. எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கில மாது 1901 ஜனவரியில் புளூம்ஃபான்டெய்ன் நகருக்குப் போனார். போயர் யுத்தத்தில் தம்முடைய நாட்டு ராணுவம் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்த முகாமுக்குள் நுழைந்து பார்த்தார். கூடாரத்துக்குக் கூடாரம் போய்ப் பார்த்ததை அப்படியே எழுதி, லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். தேசத்துரோகி என்று வசை கேட்டார். அந்த முகாம்களில் யுத்தம் முடிவதற்குள் போயர் பெண்களும் குழந்தைகளுமாக இருபத்தாறாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். ஆப்பிரிக்கர்களுக்குத் தனி முகாம்கள். அங்கே மாண்டவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை, எண்ணியவரையில் பதினாலாயிரத்துக்கு மேல். புளூம்ஃபான்டெய்னில் அதே வெயிலில், அதே மாதத்தில், நலம் என்று எழுதி அனுப்பியவர்களும் இருந்திருப்பார்கள். எமிலி அவர்களைவிட வேறு யுகத்தில் பிறந்தவர் அல்ல. அவரும் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். கண்ணால் கண்டதை எழுதினார்.

இனி நம்முடைய பங்கு. இந்தக் கார்டுகளை என்ன செய்வது? நம் ஊரில் சாவுச் சேதி எழுதி வந்த கார்டைப் படித்த உடனே கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். இந்தக் கார்டுகளையும் அப்படிக் கிழித்துவிட வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அந்த மண்டையோட்டுக் கார்டைப் பற்றி அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் கிழித்தால் யாருக்கு லாபம்? நடந்ததை மறக்க விரும்புகிறவர்களுக்குத்தான். 2011-ல் பெர்லின் ஷரிட்டே மருத்துவமனை, தன்னிடம் இருந்த ஹெரேரோ, நாமா மக்களின் மண்டையோடுகளில் இருபதை நமீபியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. பிறகு இரண்டு முறை இன்னும் சில திரும்பின. பெட்டியில் அடுக்கி அனுப்பியவை, நூறு வருஷத்துக்குப் பின் பெட்டியில் அடுக்கித் திரும்பி வந்தன. விமான நிலையத்துக்கு மக்கள் திரண்டு போய் எதிர்கொண்டார்கள். அவை அனுப்பப்பட்டது உண்மை என்பதற்குச் சாட்சிகளில் ஒன்று, அனுப்பியவர்களே பெருமையாக அச்சடித்த அந்தக் கார்டு. கிழித்திருந்தால் சாட்சியும் போயிருக்கும்.

கிழிக்காமல் வைத்திருப்பது ஒன்று. வியாபாரம் செய்வது வேறு. பழைய கார்டுகள் விற்கிறவர்கள் ஊர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் அடுக்கி வைக்கிறார்கள். கப்பல், ரயில், மலை, விலங்கு, அப்புறம் சுதேசிகள். மூலை மடங்காமல் இருந்தால் விலை அதிகம். முகத்தின் மேல் தபால் முத்திரையின் மை பட்டிருந்தால் குறைவு. வாங்குகிறவர்களும் நல்ல மனிதர்கள்தான், பழம்பொருளில் பிரியம் உள்ளவர்கள். அவர்களும் விலையைப் பார்க்கக் கார்டைப் புரட்டுகிறார்கள். படம் மறுபடியும் குப்புறக் கிடக்கிறது.

கூலிக் கப்பல்களின் பட்டியல்களை இப்போது தென்னாப்பிரிக்காவில் இருக்கும் பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் தேடிப் படிக்கிறார்கள். பாட்டனின் எண் கிடைத்தால் கிராமத்தின் பெயர் கிடைக்கிறது. வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான், சிதைந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு சிலர் வேலூர்ப் பக்கமும் திருவண்ணாமலைப் பக்கமும் வந்து, ஊர் ஊராக விசாரித்துவிட்டுப் போகிறார்கள். கூடை சுமந்து நிற்கும் அந்தப் பெண்ணின் படத்தைக் கொண்டு அப்படித் தேடி வர வழியில்லை. கார்டின் பின்பக்கம் விலாசம் ஒன்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது, வீட்டு எண், தெரு, ஊர் எல்லாமாக. அது ஸ்காட்லாந்தில் யாரோ ஒருவருடைய விலாசம்.